பிளாச்சிமடா: வசூலாகாத 216 கோடி

பிளாச்சிமடா என்ற பெயரைச் சொன்னதும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது ஒன்றுதான். "கோகோ கோலாவை விரட்டின ஊர்தானே?" நான் இருக்கும் நாக்பூரில் மராத்தி நண்பர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், இங்குள்ள நம்ம தமிழ்க் குடும்பங்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தப்பில்லை. 2004 மார்ச்சில் நின்ற ஃபாக்டரி அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

ஆனால் இருபது வருடமாக வங்கியில் கடன் ஃபைல்களைப் புரட்டியே பழகிப்போன எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு. அந்த ஊர் மக்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் இவ்வளவு என்று அரசாங்கமே கமிட்டி போட்டுக் கணக்குப் பார்த்தது. சுமார் 216 கோடி ரூபாய். அதை வசூலித்துக் கொடுக்கக் கேரள சட்டசபை ஒருமனதாக மசோதாவும் நிறைவேற்றியது. அந்த மசோதா கடைசிவரை சட்டமாகவே இல்லை.

வெற்றி பெற்ற போராட்டம் என்று நாம் சொல்லும் இந்தக் கதையின் இரண்டாம் பாதி பலருக்கும் தெரிவதில்லை. முதல் பாதியிலும் அதை நடத்தியவர்களின் பெயர் தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கொஞ்சம் பூகோளம்

பிளாச்சிமடா பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது. (ஆந்திராவின் சித்தூர் வேறு.) எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம் சொந்த ஊர். பொள்ளாச்சியிலிருந்து மேற்கே மீனாட்சிபுரம் வழியாகக் கேரளாவுக்குள் நுழைந்தால் கொஞ்ச தூரத்தில் வந்துவிடும். எல்லை தாண்டினாலும் காதில் விழுவது தமிழ்தான். டீக்கடை போர்டு மலையாளத்தில் இருக்கும், உள்ளே பேச்சு கொங்குத் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும்.

கேரளா என்றால் பச்சைப்பசேல் என்று நினைப்போம். சித்தூர் தாலுகா அப்படி அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்குப் பக்கம், மழை குறைந்த பகுதி. கேரளாவின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் பாதி நம்ம ஊர் மாதிரி. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் தமிழ்நாடு விடும் தண்ணீரை நம்பித்தான் பாசனமே. அதனால்தான் ஒவ்வொரு வறட்சியிலும் இரண்டு மாநிலத்துக்கும் ஆழியாறு தண்ணீரில் தகராறு வரும்.

அங்கே இருப்பவர்களில் கணிசமானவர்கள் எரவாளர், மலசர் என்ற பழங்குடி மக்கள். எரவாளர்கள் நம்ம கோயமுத்தூர் மாவட்டத்து ஆனைமலைப் பக்கமும் இருக்கிறார்கள். மலசர்களும் அப்படியே. மாநில எல்லை போடுவதற்கு முன்னாலிருந்தே இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. மற்றவர்களின் வயலிலும் தோப்பிலும் கூலி வேலை. விஜயநகர் காலனி, வேலூர் காலனி என்று நெருக்கமான குடியிருப்புகள். பொதுக்கிணறு ஒன்றோ இரண்டோ. அந்தக் கிணறுதான் நம் கதையின் மையம்.

கம்பெனி வருகிறது

1977-ல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா 1993-ல் திரும்பி வந்தது. 1999-ல் அதன் இந்தியத் துணை நிறுவனமான ஹிந்துஸ்தான் கோகோ கோலா பெவரேஜஸ், பெருமாட்டி பஞ்சாயத்தில் பாட்டிலிங் ஃபாக்டரி வைக்க விண்ணப்பம் போட்டது. 2000 ஜனவரியில் பஞ்சாயத்து லைசென்ஸ் கொடுத்தது. மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. சுமார் 34 ஏக்கர் நிலம். முன்பு நெல் விளைந்த வயல்கள். அதற்குள் ஆறு போர்வெல், இரண்டு திறந்த கிணறு.

யாரும் ஏமாந்துபோய் லைசென்ஸ் கொடுத்ததாக நினைக்க வேண்டாம். பின்தங்கிய பஞ்சாயத்துக்கு வரி வருமானம் வருகிறது, சில நூறு பேருக்கு வேலை கிடைக்கிறது. எந்தப் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

இங்கே என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஃபாக்டரிக்குக் கடன் கொடுக்கும்போது வங்கியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வாங்குவோம். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, என்ன விலை, விலை ஏறினால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். சர்க்கரைக்கு விலை உண்டு, பாட்டிலுக்கு விலை உண்டு, கரண்டுக்கு விலை உண்டு. தண்ணீருக்குப் பெரும்பாலும் ஒரே வரிதான். "சொந்த போர்வெல்." பம்ப் ஓட்டும் மின்சாரத்தைத் தவிர அப்போது அதற்கு விலையே கிடையாது. குளிர்பான ஃபாக்டரிக்குத் தண்ணீர்தான் முதன்மையான மூலப்பொருள். அந்த மூலப்பொருள் கணக்கில் பூஜ்யம்!

இதற்குச் சட்டமும் துணை. 1882-ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டத்தின்படி தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமை உண்டு. மாட்டைக் கட்டிக் கவலை இறைத்த காலத்துச் சட்டம். பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக் கிணறு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் அவசியம் வரவில்லை.

எவ்வளவு எடுத்தார்கள்? ஹைகோர்ட்டில் பேசப்பட்ட அளவு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர். போராட்டக்காரர்கள் 15 லட்சம் வரை என்றார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். கிராமக் குடிநீருக்கு அரசாங்கம் அப்போது வைத்திருந்த அளவு தலைக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். 5 லட்சத்தை 40-ஆல் வகுத்துப் பாருங்கள். 12,500 பேருக்கு ஒரு நாளைக்கான தண்ணீர்.

சோறு வேகவில்லை

உற்பத்தி தொடங்கிச் சில மாதங்களிலேயே காலனிப் பெண்கள் மாற்றத்தைக் கவனித்துவிட்டார்கள். கிணற்றில் மட்டம் இறங்கியது. இருக்கிற தண்ணீரும் வேறு மாதிரி ஆனது. பருப்பு வேகவில்லை. வடித்த சோறு சீக்கிரம் கெட்டுப்போனது. குளித்தால் கண் எரிந்தது, உடம்பு அரித்தது. குடித்தால் வயிற்றுக் கோளாறு.

அந்தப் பெண்களில் ஒருவர்தான் மயிலம்மா. எரவாளர் சமூகம். பள்ளிக்கூடம் போனதில்லை. கணவரை இழந்தவர், கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். வீட்டுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் ஃபாக்டரி மதில். தண்ணீருக்காகப் பெண்கள் கிலோமீட்டர் கணக்கில் நடக்க ஆரம்பித்தபோது, நல்ல கிணற்றைக் கெடுத்தது யார் என்ற கேள்வியை வெளிப்படையாகக் கேட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

எந்த லேப் ரிப்போர்ட்டும் வருவதற்கு முன்னாலேயே இவர்கள் சொல்லிவிட்டார்கள். சொன்னதற்கு ஆதாரம் கேட்டார்கள். "சோறு வேகவில்லை" என்பது ஆதாரமா? தண்ணீரின் கடினத்தன்மை ஏறினால் பருப்பு வேகாது என்பது நம் வீட்டுச் சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். போர்வெல் தண்ணீரில் துவரம்பருப்பு போட்டுப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அதைக் கூலிக்காரப் பெண்மணி சொன்னால் புகார், ஆய்வகம் சொன்னால்தான் உண்மை. பின்னால் பரிசோதித்த அரசுத் தரப்பும் அந்தக் கிணற்று நீர் குடிக்க லாயக்கில்லை என்றே சொன்னது.

பந்தல்

2002 ஏப்ரல் 22. ஃபாக்டரி வாசலுக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். தொடங்கி வைத்தவர் வயநாட்டுப் பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு. போராட்டக் குழுவை முன்னின்று நடத்தியவர் வேலூர் சுவாமிநாதன், இவரும் எரவாளர்தான். (வேலூர் என்பது அங்குள்ள காலனி, நம்ம வேலூர் கோட்டை அல்ல.) மயிலம்மா, கன்னியம்மா போன்ற வயதான பெண்கள் பந்தலின் முகமானார்கள்.

ஆரம்பத்தில் இவர்களுக்கு யார் துணை என்று பார்த்தால் பட்டியல் ரொம்பச் சின்னது. பெரிய கட்சிகள் ஒதுங்கி நின்றன. இடது முன்னணி அரசு இருக்கும்போது வந்த ஃபாக்டரி, காங்கிரஸ் முன்னணி அரசிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஃபாக்டரித் தொழிலாளர்களின் சங்கங்கள், கொடி வித்தியாசம் இல்லாமல், வேலை போய்விடும் என்று போராட்டத்தை எதிர்த்தன. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. பந்தலில் இருப்பவரும் வேலை பார்ப்பவரும் பல சமயம் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

கைதானார்கள், வழக்கு வாங்கினார்கள். கூலிக்குப் போகாமல் பந்தலில் உட்கார்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மாதச் சம்பளக்காரர்களான நமக்கு ஒரு நாள் ஸ்டிரைக் செய்தால் ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். அன்றாடம் காய்ச்சிகள் முறை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்வது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 'சுற்றுச்சூழல் நீதி' என்று ஒரு வார்த்தை உண்டு. 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுன்டி என்ற ஏழைக் கிராமப் பகுதியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடத்தில், நச்சு மண்ணைக் கொட்டக் கிடங்கு வைத்தார்கள். மக்கள் லாரிகளுக்கு முன் படுத்தார்கள். ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். கிடங்கு வந்தேவிட்டது, ஆனால் குப்பையும் நஞ்சும் ஏன் எப்போதும் ஏழைகளின் வாசலுக்கே வருகின்றன என்ற கேள்வி அங்கிருந்துதான் பெரிதாகக் கிளம்பியது. பிளாச்சிமடாப் பெண்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. கேட்ட கேள்வி அதேதான்.

இலவச உரம்

தண்ணீரை விட மோசமான ஒரு விஷயம் இருந்தது. ஃபாக்டரியின் கழிவுநீர் சுத்திகரிப்பில் மிஞ்சும் சகதியைச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு உரம் என்று கொடுத்தார்கள். தோப்புகளிலும் வயல்களிலும் போட்டார்கள்.

2003 ஜூலையில் பிபிசி ரேடியோ அந்தச் சகதியை எடுத்துப் போய் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதிக்க வைத்தது. ஈயமும் காட்மியமும் இருப்பதாக முடிவு வந்தது. காட்மியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் கன உலோகம். கம்பெனி சகதி பாதுகாப்பானதே என்று மறுத்தது. அடுத்த மாதமே கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் சோதனையில் காட்மியம் அனுமதித்த அளவை விட அதிகம் என்று கண்டு, சகதியை வெளியே கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

பந்தல் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, லண்டனிலிருந்து ஒரு ரேடியோ நிருபர் வந்து சொன்ன பிறகுதான், நம்ம வாரியம் அந்தச் சகதியை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சாயத்தின் பங்கு

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம் பெருமாட்டி பஞ்சாயத்து. தலைவர் ஏ. கிருஷ்ணன், ஜனதா தளம். ஆரம்பத்தில் பஞ்சாயத்து போராட்டக்காரர்கள் பக்கம் இல்லை. பிறகு நிலைமையைப் பார்த்து மனம் மாறி, 2003 ஏப்ரலில் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று தீர்மானம் போட்டது. கணிசமான வருமானத்தைத் தானே வேண்டாம் என்று சொன்ன பஞ்சாயத்து! லாப நஷ்டக் கணக்கு படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2003 டிசம்பர் 16-ல் கேரள ஹைகோர்ட் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்புச் சொன்னார். நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசும் பஞ்சாயத்தும் அதன் தர்மகர்த்தா மாதிரி, அளவுக்கு மீறி ஒருவர் எடுத்துப்போக விடக் கூடாது என்றது தீர்ப்பு. 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சாதாரண நில உரிமையாளர் வழக்கமாக எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவுதான் கம்பெனியும் எடுக்கலாம், மீதித் தண்ணீருக்கு ஒரு மாதத்துக்குள் வேறு வழி பார்க்கட்டும் என்றார். 1882 சட்டத்தின் மனப்போக்கைப் புரட்டிப் போட்ட தீர்ப்பு அது. இந்திய நீர்ச் சட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இதைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

2004 ஜனவரியில் பாலக்காடு பக்கத்தில் புதுச்சேரி என்ற இடத்தில் (இதுவும் நம்ம பாண்டிச்சேரி அல்ல :-)) உலகத் தண்ணீர் மாநாடு நடந்தது. கனடாவிலிருந்து மாட் பார்லோ, பிரான்ஸிலிருந்து ஜோசே போவே எல்லாம் வந்தார்கள். ஓலைப் பந்தல் உலகச் செய்தியானது. அடுத்த மாதம் வறட்சியைக் காரணம் காட்டி, மழை வரும்வரை ஃபாக்டரி நிலத்தடி நீர் எடுக்க மாநில அரசு தடை போட்டது. மார்ச் 9-ஆம் தேதி உற்பத்தி நின்றது.

மறுபக்கம்

கம்பெனியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருடங்களில் மழையே குறைவு, கிணறு வற்றியதற்கு அதுதான் காரணம் என்றார்கள். மழை குறைந்தது உண்மை. 2005 ஏப்ரலில் ஹைகோர்ட்டின் இரு நீதிபதி பெஞ்ச், கோழிக்கோடு நீர்வள ஆய்வு மையத்தின் அறிக்கையை வைத்து, நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முந்தைய தீர்ப்பு அதோடு போயிற்று. பஞ்சாயத்து விடாமல் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனது. ஒரு கிராமப் பஞ்சாயத்து, டெல்லியில், உலகின் பெரிய கம்பெனிகளில் ஒன்றுக்கு எதிராக!

சாதகமான தீர்ப்பு கையில் இருந்தும் ஃபாக்டரி ஓடவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காட்மியம் விஷயத்தைக் கிளப்பியது. சித்தூர் பகுதி நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டது. வாசலில் பந்தல் இருந்தது. கடைசியில் 2017 ஜூலையில், இங்கே மறுபடி உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனியே சுப்ரீம் கோர்ட்டில் சொல்லி வழக்கு முடிந்தது.

மயிலம்மா இதைப் பார்க்க இல்லை. 2007 ஜனவரி 6-ல் இறந்துபோனார். அவர் சொல்லச் சொல்ல ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். விருதுகள் வந்தன, போட்டோக்கள் வந்தன. வறுமை போகவில்லை.

216 கோடி எப்படி வந்தது?

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் கமிட்டி, கூடுதல் தலைமைச் செயலர் கே. ஜெயகுமார் தலைமையில், 2010 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. தலைப்பு வாரியாகக் கணக்கு (சில்லறையை விட்டுவிடுகிறேன்):

விவசாய இழப்பு 84 கோடி
நீர் ஆதாரங்கள் கெட்டது 62 கோடி
உடல்நலப் பாதிப்பு 30 கோடி
குடிநீர் கொண்டுவந்து கொடுத்த செலவு 20 கோடி
கூலி இழப்பு, வாய்ப்பு இழப்பு 20 கோடி

மொத்தம் 216 கோடி. இது இறுதித் தொகை அல்ல, ஒரு மதிப்பீடு, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தீர்ப்பாயம் விசாரித்து முடிவு செய்யட்டும் என்றுதான் கமிட்டி சொன்னது.

அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். பி.காம். படித்தவர்களுக்கு 'ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்' என்பது பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. ஒன்றைச் செய்வதால் கைவிட்டுப்போன இன்னொன்றின் மதிப்பு. பிளாச்சிமடாவில் அதன் அர்த்தம் குடம். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்குத் தலைக்கு 40 லிட்டர் என்றால் 200 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதின்மூன்று நடை. தூரத்துக் கிணற்றுக்கு அத்தனை நடை யாராலும் நடக்க முடியாது, அதனால் பாதியிலேயே நிறுத்தி, பாதித் தண்ணீரில் குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பாதிக்கே காலை நேரம் முழுக்கப் போய்விடும். அன்றைக்குக் கூலி கிடையாது. இந்தியாவில் பெண்கள் தண்ணீருக்கு நடக்கும் நடையை யாரும் நஷ்டமாக எழுதியதில்லை, அது அவர்கள் வேலை என்று விட்டுவிடுவோம். இங்கே ஒரு அரசாங்க அறிக்கை அதைத் தொகை போட்டு, இன்னார் தர வேண்டியது என்று எழுதியது. "சோறு வேகவில்லை" என்று தொடங்கிய புகார் எட்டு, பத்து வருடத்தில் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஃபாக்டரி மூடியதைவிட இதைத்தான் நான் பெரிய சாதனை என்று சொல்வேன்.

2011 பிப்ரவரி 24-ல் கேரள சட்டசபை, எந்தக் கட்சியும் எதிர்க்காமல், நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றி ஜனாதிபதி ஒப்புதலுக்கு அனுப்பியது. டெல்லியில் அது ஏறக்குறைய ஐந்து வருடம் கிடந்தது. 2010-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வந்துவிட்டதே, மாநிலத்துக்கு இப்படிச் சட்டம் போட அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழுப்பப்பட்டது. கடைசியில் ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்தது.

சரி, பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போகலாமே? அங்கேதான் சிக்கல். அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, பாதிப்பு முதலில் ஏற்பட்டதிலிருந்து ஐந்து வருடத்துக்குள் நஷ்ட ஈடு கேட்க வேண்டும். பிளாச்சிமடா பாதிப்பு தொடங்கியது 2000-ல். தீர்ப்பாயம் வந்தது 2010-ல். கதவு திறப்பதற்கு முன்பே காலாவதி! கடன் பத்திரத்துக்கு லிமிட்டேஷன் மூன்று வருடம் என்று வங்கியில் நாங்கள் பயந்து பயந்து தேதி பார்ப்போம், புதுப்பித்துக் கையெழுத்து வாங்குவோம். காலனி மக்களுக்கு அப்படித் தேதி பார்த்துச் சொல்ல யார் இருந்தார்கள்? சொல்லியிருந்தாலும் போவதற்கு அன்றைக்குத் தீர்ப்பாயமே இல்லை.

பிறகு

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது அந்தக் காலி ஃபாக்டரியைச் சிகிச்சை மையமாக மாற்றினார்கள். 2023-ல் நிலத்தையும் கட்டடத்தையும் கேரள அரசுக்கே கொடுக்கக் கம்பெனி முன்வந்தது. நல்லதுதான். ஆனால் நஷ்ட ஈடு வேறு, நன்கொடை வேறு. இரண்டும் ஒரே வவுச்சரில் வராது. ஃபாக்டரி நின்ற பிறகும் வருடக்கணக்கில் அந்த மக்கள் மறியல் செய்தது நஷ்ட ஈட்டுக்காகத்தான்.

2025 ஜனவரியில் அதே பாலக்காடு மாவட்டத்தில் எலப்புள்ளியில் ஒரு பெரிய மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை முதல்கட்ட அனுமதி கொடுத்தபோது, எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் முதலில் கேட்டது "தண்ணீர் எங்கேயிருந்து?" என்பதுதான். கேட்ட எல்லோரும் பிளாச்சிமடாவின் பெயரைச் சொன்னார்கள். 2000-ல் லைசென்ஸ் கொடுக்கும்போது யாரும் உரக்கக் கேட்காத கேள்வி, இப்போது ஃபைல் நகரும் முன்பே வருகிறது. மயிலம்மாவும் சுவாமிநாதனும் விட்டுப்போனது இது.

ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாம், ஃபிளாட்டில் டேங்கர் வரும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து வாழ்கிறோம். அந்த டேங்கர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காவது தெரிந்து வைத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு வங்கி விஷயம். 'ரைட் ஆஃப்' என்றால் கடன் தள்ளுபடி என்று பேப்பரில் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ரைட் ஆஃப் செய்தால் கடன் எங்கள் ஐந்தொகையிலிருந்துதான் போகும். வாங்கியவர் கட்ட வேண்டியது அப்படியே இருக்கும், வசூல் செய்யும் உரிமையும் அப்படியே இருக்கும். பிளாச்சிமடாவின் 216 கோடியையும் டெல்லி தன் மேஜையிலிருந்து எடுத்துவிட்டது. தள்ளுபடி செய்ய வேண்டுமானால் அது அந்தக் காலனி மக்கள் சொல்ல வேண்டியது. அவர்கள் இதுவரை சொல்லவில்லை.